குல்மார்க் சரிவில் பத்து நிமிட அவகாசம்

காஷ்மீரின் குல்மார்க்கில், அஃபர்வத் மலையின் ஹபத்குட் பகுதியில் 2023 பிப்ரவரி 1 அன்று பனி சரிந்தது. வெளிநாட்டுப் பனிச்சறுக்கு வீரர்கள் 21 பேர், உள்ளூர் வழிகாட்டிகள் இருவர் என மூன்று குழுக்களாகப் போனவர்கள் அதில் சிக்கினார்கள். போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். மற்றவர்கள் உயிரோடு மீட்கப்பட்டார்கள். மறு ஆண்டு, 2024 பிப்ரவரி 22 அன்று, அதே மலையடிவாரத்தில் கிலன்மார்க் பக்கம் மறுபடியும் சரிவு. இம்முறை சிக்கியவர்கள் ரஷ்யர்கள். ஒருவர் உயிர் போனது. கீழே குல்மார்க்கில் அப்போது கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் நடந்துகொண்டிருந்தன. இதே கிலன்மார்க்கில்தான் 2010 பிப்ரவரி 8 அன்று ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியைச் சேர்ந்த 17 வீரர்கள் பனிக்குள் மாண்டார்கள்.

ஒவ்வொரு முறையும் செய்தி ஒரே அச்சில்தான் வருகிறது. எத்தனை பேர் சிக்கினார்கள், ஹெலிகாப்டர் எப்போது கிளம்பியது, எத்தனை பேரை மீட்டார்கள், யார் யார் இரங்கல் தெரிவித்தார்கள். மீட்பவர்களின் துணிச்சலில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் பனிச்சரிவில் சிக்கியவரின் உயிர் அநேகமாக ஹெலிகாப்டர் கிளம்புவதற்கு முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. அந்த முன்நேரத்தைப் பற்றி இந்தியாவில் பேச்சே இல்லை. பணம், பயிற்சி, விதிமுறை எல்லாம் போகவேண்டிய இடம் அதுதான்.

கணக்கைப் பாருங்கள். ஸ்விட்சர்லாந்தில் 1981 முதல் 2020 வரை பனிச்சரிவில் முழுதாகப் புதைந்தவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2024இல் வெளியானது. பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுக்கப்பட்டவர்களில் 91 சதவீதம் பேர் பிழைத்திருக்கிறார்கள். பத்து நிமிடத்தைத் தாண்டி அரை மணிக்குள் எடுக்கப்பட்டவர்களில் பிழைத்தவர்கள் 31 சதவீதம் மட்டுமே. கூடவே வந்த தோழர்கள் தோண்டி எடுக்க ஆகும் நேரம் இப்போது அங்கே பத்து நிமிட அளவுக்கு இறங்கியிருக்கிறது. முறையான மீட்புக் குழு வந்து எடுக்கும்போது அந்த நேரம் ஒன்றரை மணி. உலகிலேயே சிறந்த மலை மீட்பு ஹெலிகாப்டர் சேவைகளில் ஒன்றை வைத்திருக்கும் நாட்டின் கதை இது. குல்மார்க் இருக்கும் பாரமுல்லா மாவட்டத்தில் பனிமூட்டமான ஒரு பிப்ரவரி மதியத்தில் எவ்வளவு நேரமாகும் என்பதை யாரும் ஊகித்துக்கொள்ளலாம்.

புதைந்தவரைக் கொல்வது குளிர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். குளிர் கொல்ல நேரமெடுக்கும், மூச்சுத்திணறல் முந்திக்கொள்கிறது. விட்ட மூச்சே முகத்துக்கு முன்னால் இருக்கும் பனியை உருக்கி, அது மறுபடி உறைந்து, காற்றுப் புகாத மூடியாக முகத்தில் படிந்துவிடுகிறது. ஓடி நின்ற பனி சில நொடிகளில் இறுகிவிடும். ஒரு கன மீட்டர் பனி 300 கிலோவுக்கும் மேல் இருக்கும். விரலைக்கூட அசைக்க முடியாது. மேற்குக் கனடாவில் நடந்த ஆய்வு ஒன்றில், பனிச்சரிவில் இறந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மரத்திலும் பாறையிலும் மோதிய காயத்தாலேயே இறந்தது தெரியவந்தது. அவர்களுக்குப் பத்து நிமிட அவகாசம்கூட இருக்கவில்லை.

தமிழ் வாசகர்களுக்குப் பனிச்சரிவு என்றால் நினைவுக்கு வருவது சியாச்சின். 2016 பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் முகாமை மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆம் பட்டாலியனைச் சேர்ந்த பத்து வீரர்களோடு பனி மூடியது. அவர்களில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஆறு நாள் கழித்து, கர்நாடகத்தைச் சேர்ந்த லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா கொப்பட் உயிரோடு எடுக்கப்பட்டபோது நாடே கைகூப்பியது. பிப்ரவரி 11 அன்று அவர் டெல்லி ராணுவ மருத்துவமனையில் இறந்தார். அந்தச் செய்தி மக்கள் மனதில் ஒரு தவறான நம்பிக்கையையும் விட்டுச்சென்றது: பனிக்கடியில் மனிதன் நாள்கணக்கில் தாக்குப்பிடிப்பான், தேடிக்கொண்டே இருந்தால் போதும் என்பது. ஹனுமந்தப்பா இருந்தது கூடாரத்துக்குள். அதனுள் காற்று தேங்கி நிற்க இடம் இருந்தது. மலைச்சரிவில் சறுக்கிக்கொண்டு போகிறவரைச் சுற்றிக் கூடாரம் கிடையாது. அவருக்குக் கிடைப்பது வாய்க்கு முன்னால் கை வைத்துக் காப்பாற்றிக்கொண்ட ஒரு பிடி வெற்றிடம், அதுவும் கை அந்த நேரத்தில் அங்கே இருந்தால்.

பனி ஏன் சரிகிறது? உயிர்களைக் கொண்டுபோகும் சரிவுகளில் பெரும்பாலானவை மேலிருந்து உருண்டு வரும் பனிப்பந்து அல்ல. சினிமாவில் காட்டுவதைப் போல உரத்த கூச்சல் அதைக் கிளப்பிவிடுவதும் இல்லை. குளிர்காலம் முழுவதும் பனி அடுக்கடுக்காக விழுகிறது. ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு குணம். முதலில் கொஞ்சமாக விழுந்த பனி, தெளிந்த வானத்தின் கடுங்குளிரில் வாரக்கணக்கில் கிடந்தால், அதன் அடியில் பிடிப்பே இல்லாத பெரிய மணிகள் உருவாகின்றன. கையில் அள்ளினால் வறுத்த ரவையைப் போல உதிரும். அதன்மேல் பிறகு ஒரு பெரிய பனிப்பொழிவு வந்து, காற்று அதை அடித்து இறுக்கினால், பலகை மாதிரி ஒரு கெட்டி அடுக்கு பலவீனமான அடுக்கின்மேல் உட்கார்ந்துவிடும். அந்தப் பலகை விரிசல் விட ஒரு மனிதரின் எடை போதும். விரிசல் நொடியில் சரிவு முழுக்க ஓடும். பலகை மொத்தமாகக் கழன்று கீழே கிளம்பும். சறுக்குபவர் அதன் நடுவில் நிற்பார்.

2023-24 குளிர்காலத்தை இதனோடு வைத்துப் பார்க்க வேண்டும். காஷ்மீரில் டிசம்பர் 21இல் தொடங்கும் சில்லை கலான் என்ற நாற்பது நாள் கடுங்குளிர் காலம் அந்த ஆண்டு பெரும்பாலும் வறண்டே கழிந்தது. ஜனவரியில் குல்மார்க் புல்வெளி பழுப்பு நிறத்தில் கிடந்த படங்கள் நாடு முழுக்கப் பரவின. சுற்றுலாத் தொழில் கைபிசைந்து நின்றது. ஜனவரி கடைசியில்தான் பனி வந்தது, பிப்ரவரியில் கொட்டியது. காத்துக் காத்துக் கிடந்த சறுக்கு வீரர்கள் மலைக்கு ஓடினார்கள். மெலிந்த தொடக்கம், நீண்ட வறட்சி, திடீர்ப் பெரும்பொழிவு என்ற வரிசையைக் கேட்டாலே பனி படித்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். பயணத்துக்குத் தேதி போட்டு, விமானச் சீட்டும் வாங்கிவிட்டு வந்தவருக்கோ அது விடுமுறை தொடங்கிவிட்டதற்கான அறிகுறி.

சரிவின் கோணமும் முக்கியம். பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த இடங்களில்தான் கிளம்புகின்றன. அதைவிடத் தட்டையாக இருந்தால் பனி நகர்வது அபூர்வம். அதைவிடச் செங்குத்தாக இருந்தால் பனி தங்காமல் அவ்வப்போது உதிர்ந்துவிடும். சறுக்குவதற்கு மிகச் சுவையான கோணமும் இதே முப்பதும் நாற்பதும்தான். ஆகவே ஆசையும் ஆபத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றன. உயிரிழப்பு நேர்ந்த விபத்துகளில் பத்தில் ஒன்பதில் சரிவைக் கிளப்பியவர் இறந்தவரோ அவருடைய குழுவில் இருந்த ஒருவரோதான் என்பது பல நாடுகளின் பதிவுகளிலிருந்து தெரிந்த விஷயம். இந்த ஒரு தகவல் போதும், பனிச்சரிவை விதியின் கணக்கில் எழுதும் பழக்கத்தை நாம் கைவிட. தானாக விழும் இடியைத் தடுக்க முடியாது. மனிதர்கள் கிளப்பும் சரிவை, அந்த இடத்தில் அந்த நாளில் கால் வைக்காமல் தடுக்கலாம்.

குல்மார்க்கின் தனிச் சிக்கல் அதன் கோண்டோலா. 2005 முதல் ஓடும் இரண்டாம் கட்ட ரோப்கார், நடுவில் உள்ள கொங்டூரி நிலையத்திலிருந்து ஆளை ஏற்றிக்கொண்டு சில நிமிடங்களில் சுமார் 3,950 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடுகிறது. உலகின் மிக உயரமான ரோப்கார்களில் ஒன்று என்று விளம்பரப் பலகைகள் பெருமைப்படுகின்றன. பெருமைப்பட வேண்டியதுதான். ஆனால் மற்ற மலைகளில் அந்த உயரத்துக்குப் போக ஸ்கீயின் அடியில் தோல்பட்டை ஒட்டிக்கொண்டு மணிக்கணக்கில் ஏற வேண்டும். அந்த ஏற்றத்தில் பனி பேசும். காலடியில் ‘வும்ப்’ என்று அமுங்கும் ஒலி கேட்கும். ஸ்கீயின் முனையிலிருந்து விரிசல் ஓடுவது தெரியும். பக்கத்துச் சரிவில் நேற்று விழுந்த பனிச்சரிவின் தடம் கண்ணில் படும். காற்று எந்தப் பக்கத்துப் பனியை எந்தப் பக்கம் கொண்டுபோய்க் குவித்திருக்கிறது என்று பார்க்க நேரம் இருக்கும். கோண்டோலாவில் வந்தவருக்கு இதெல்லாம் இல்லை. கண்ணாடிப் பெட்டியிலிருந்து இறங்குகிறார், பூட்ஸை மாட்டுகிறார், இடதுபுறமோ வலதுபுறமோ முகட்டின்மேல் நடக்கிறார். ரோப்காருக்கு நேர்கீழே உள்ள பள்ளத்தை ரோந்துக் குழு கவனித்துக்கொள்கிறது. அதன் எல்லையைத் தாண்டிய அடுத்த அடியில் அவர் முழுக்க முழுக்கக் காட்டுமலையில் இருக்கிறார். பார்வைக்கு இரண்டு பனியும் ஒன்றுதான்.

அந்த எல்லையைத் தாண்டுகிறவர் மூன்று பொருள்களோடு போக வேண்டும்: பீக்கன், புரோப், ஷவல். பீக்கன் உடம்போடு கட்டிக்கொள்ளும் சிறு ரேடியோ கருவி. 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். புரோப் என்பது மடித்து வைக்கும் நீளக் கம்பி, இரண்டரை அல்லது மூன்று மீட்டர். ஷவல் உலோகத்தில் இருக்க வேண்டும்; இறுகிய பனியில் பிளாஸ்டிக் முறிந்துபோகும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டால் பயனில்லை. பீக்கன் மட்டும் இருந்தால் தோழர் எங்கே கிடக்கிறார் என்று தெரியும், எடுக்க முடியாது. ஷவல் மட்டும் இருந்தால் எங்கே தோண்டுவது என்றே தெரியாது.

பொருள் இருந்தால் மட்டும் போதாது, கை பழகியிருக்க வேண்டும். சரிவு நடந்துவிட்டது, நாலு பேரில் ஒருவரைக் காணோம் என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற மூவரும் முதலில் அவர் கடைசியாகத் தெரிந்த இடத்தைக் கண்ணில் குறித்துக்கொள்ள வேண்டும். மேலே இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும் பனி ஏதாவது விழுமா என்று பார்க்க வேண்டும். பிறகு மூவரும் தங்கள் பீக்கனைத் தேடும் நிலைக்கு மாற்ற வேண்டும். ஒருவர் மாற்ற மறந்தாலும் அவருடைய சிக்னலைத் தேடி மற்றவர்கள் நிமிடங்களை வீணாக்குவார்கள். கைப்பேசியைப் பீக்கனிலிருந்து அரை மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும், அணைத்துவிட்டால் நல்லது. அதன் மின்காந்த இரைச்சல் சிக்னலைக் குழப்பும். சிக்னல் கிடைத்ததும் அம்புக்குறி காட்டும் திசையில் போனால் எண் குறைந்துகொண்டே வரும். மூன்று மீட்டர் என்று காட்டும்போது வேகத்தைக் குறைத்து, குனிந்து, கருவியைப் பனியின் மேற்பரப்பை ஒட்டி, திருப்பாமல் நகர்த்த வேண்டும். மிகக் குறைந்த எண் வரும் இடத்தில் புரோப்பைச் செங்குத்தாக அல்லாமல் பனிப்பரப்புக்கு நேர்குத்தாக இறக்கி, 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சுழல்வட்டமாகக் குத்திக்கொண்டே வர வேண்டும். உடல்மேல் பட்டால் கைக்குத் தெரியும். மண்ணில் இடிக்கும் கெட்டித்தனமும் இருக்காது, பனிக்குள் இறங்கும் வழுக்கலும் இருக்காது. பட்ட புரோப்பை உருவக் கூடாது. அதற்குச் சற்றுக் கீழ்ப்பக்கம் நின்று, பக்கவாட்டிலிருந்து உள்நோக்கித் தோண்ட வேண்டும். மேலே நின்று தோண்டினால் கீழே இருப்பவரின் காற்றிடத்தை மிதித்து நசுக்கிவிடுவோம். முகமும் மார்பும் முதலில் வெளியே வர வேண்டும்.

படிக்கும்போதே இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். நடுங்கும் கையோடு, நண்பர் சாகிறார் என்ற பதற்றத்தோடு, நான்காயிரம் மீட்டர் உயரத்தின் மெல்லிய காற்றில் மூச்சிரைத்துக்கொண்டு, இதைப் பத்து நிமிடத்துக்குள் செய்து முடிக்க வேண்டும். தோண்டுவதுதான் பெரும்பகுதி நேரத்தைத் தின்னும். ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் ஒரு பீக்கனைப் பையில் சுற்றிப் புதைத்துவைத்துப் பழகாத குழுவுக்கு இது கைகூடாது. வாடகைக்கு எடுத்த பீக்கனை அன்று காலையில்தான் முதன்முதலாகப் பார்க்கும் சுற்றுலாப் பயணியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். குழுவிலேயே திறமையான ஆள் புதைந்துபோனால் அவரைத் தேட மிஞ்சியிருப்பது அந்தப் பயணிதான். வழிகாட்டியை அமர்த்திக்கொண்டால் போதும் என்று நினைப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

காற்றுப்பை வைத்த முதுகுப்பைகளும் வந்திருக்கின்றன. கைப்பிடியை இழுத்தால் பை ஊதிக்கொள்ளும். ஓடும் பனியில் பெரிய உருவம் மேலே வரும் என்பதால் அணிந்தவர் புதையாமல் மேற்பரப்பில் தங்க வாய்ப்பு அதிகம். 2014இல் வெளியான ஆய்வு ஒன்று, பெரிய சரிவுகளில் கடுமையாகச் சிக்கியவர்களிடையே ஊதிய பை இறப்பு விகிதத்தை 22இலிருந்து 11 சதவீதமாகக் குறைத்ததாகக் கணித்தது. பாதி உயிர்கள் என்பது பெரிய விஷயம், மறுக்க முடியாது. ஆனால் அதே ஆய்வில் ஐந்து பைகளில் ஒன்று ஊதவே இல்லை. பெரும்பாலும் அணிந்தவர் கைப்பிடியை இழுக்கவில்லை என்பதே காரணம். பாறைமேல் தூக்கி அடிக்கும் சரிவில் எந்தப் பையும் காப்பாற்றாது.

இவ்வளவும் தெரிந்தவர்கள்கூட மாட்டிக்கொள்கிறார்கள் என்பதுதான் இந்த விஷயத்தில் மிகவும் கலங்கவைப்பது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்டீவன்ஸ் பாஸ் சறுக்குத் தளத்துக்குப் பின்பக்கம் உள்ள டனல் க்ரீக் பள்ளத்தாக்கில் 2012 பிப்ரவரி 19 அன்று 16 பேர் இறங்கப் போனார்கள். பனிச்சறுக்குப் பத்திரிகையாளர்கள், தொழில்முறை வீரர்கள், அந்த மலையிலேயே வேலை பார்ப்பவர்கள் என்று அத்தனை பேரும் அனுபவசாலிகள். புதுப்பனி கொட்டியிருந்தது, அன்றைய அபாய அறிக்கை எச்சரித்திருந்தது, பெரும்பாலானோரிடம் கருவிகள் இருந்தன. சரிவில் மூவர் இறந்தார்கள். காற்றுப்பையை இழுத்த ஒரு வீராங்கனை பிழைத்தார். நியூயார்க் டைம்ஸில் ஜான் பிராஞ்ச் எழுதி, 2013இல் புலிட்சர் பரிசு பெற்ற நீண்ட கட்டுரை இந்த விபத்தைப் பற்றியது. பிழைத்தவர்களில் பலர் அதில் ஒரே மாதிரியான விஷயத்தைச் சொல்கிறார்கள். கூட்டம் இவ்வளவு பெரிதாக இருக்கக் கூடாது என்று மனசுக்குள் தோன்றியது. ஆனால் இத்தனை கெட்டிக்காரர்கள் இருக்கும்போது நாம் என்ன சொல்வது என்று பேசாமல் இருந்துவிட்டார்கள்.

இதை ஆராய்ந்தவர் இயன் மக்கேமன். அமெரிக்காவில் முப்பது ஆண்டுகளில் நடந்த எழுநூற்றுக்கும் மேற்பட்ட பனிச்சரிவு விபத்துகளைப் பிரித்துப் பார்த்து, மனிதர்கள் ஏமாறும் இடங்களைக் காட்டினார். பழகிய மலைதானே என்ற நினைப்பு. இவ்வளவு தூரம் வந்துவிட்டு எப்படித் திரும்புவது என்ற பிடிவாதம். தலைவர் போல் தோன்றும் ஒருவர்மீது குருட்டு நம்பிக்கை. முன்னால் யாரோ போன தடம் தரும் தைரியம். புதுப்பனியில் முதல் தடம் போட வேண்டும் என்ற போட்டி. பயிற்சி பெற்றவர்களும் இவற்றிலிருந்து தப்பவில்லை என்பதுதான் அவருடைய கண்டுபிடிப்பின் வலி. நம் நாட்டில் உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு 2022 அக்டோபர் 4 அன்று திரௌபதி கா டண்டா சிகரத்தில் பனிச்சரிவில் சிக்கி, குறைந்தது 27 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வால். அதே ஆண்டு மே மாதம் பதினாறு நாள் இடைவெளியில் எவரெஸ்ட்டையும் மகாலுவையும் ஏறியவர். திறமை அவரிடம் நிறையவே இருந்தது.

எனவே சறுக்குபவருக்குத் தேவையான முதல் பயிற்சி திரும்பி வரப் பழகுவது. அதை மலைமேல், ஆசை கொதிக்கும் நேரத்தில் முடிவு செய்ய முடியாது. முந்தைய நாள் இரவே, தேநீர் குடித்துக்கொண்டு, வரைபடத்தை விரித்து முடிவு செய்ய வேண்டும்: எந்தச் சரிவுகள் முப்பது டிகிரிக்கு மேல், எதைப் பார்த்தால் திரும்புவோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம், குழுவில் ஒரே ஒருவர் வேண்டாம் என்றாலும் எல்லோரும் திரும்புவோமா. ஸ்விட்சர்லாந்தின் மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் உருவாக்கிய முறை வீட்டில் ஒரு முறை, மலையடியில் ஒரு முறை, சரிவின் விளிம்பில் ஒரு முறை என்று மூன்று இடத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்கச் சொல்கிறது. மூன்றிலும் பனி, நிலம், மனிதர் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். இந்த முறைக்குப் பணம் செலவில்லை.

ஆனால் இரவில் உட்கார்ந்து முடிவெடுக்கத் தகவல் வேண்டுமே. இங்கேதான் அரசின் பொறுப்பு வருகிறது. ஸ்விட்சர்லாந்தில் டாவோஸ் நகரில் உள்ள பனி ஆய்வு நிறுவனம் குளிர்காலத்தில் நாள்தோறும் மாலை ஐந்து மணிக்கும் காலை எட்டு மணிக்கும் அறிக்கை வெளியிடுகிறது, நான்கு மொழிகளில். எந்தத் திசை நோக்கிய சரிவுகளில், எந்த உயரத்துக்கு மேல், எந்த வகை அடுக்கால் ஆபத்து என்று அதில் இருக்கும். ஜம்மு காஷ்மீரில் பேரிடர் மேலாண்மை ஆணையம் வெளியிடும் எச்சரிக்கை எப்படி இருக்கிறது? பாரமுல்லா, குப்வாரா, பந்திபோரா மாவட்டங்களில் இத்தனை மீட்டருக்கு மேல் அடுத்த 24 மணி நேரத்தில் நடுத்தர அபாயத்துடன் பனிச்சரிவு ஏற்படலாம், மக்கள் அப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம். சாலையில் போகும் ஓட்டுநருக்கும் மலைக்கிராமத்துக்கும் இது உதவும். ஹபத்குட்டின் விளிம்பில் நிற்கும் சறுக்கு வீரருக்கு இதில் ஒன்றுமில்லை. நடுத்தரம் என்ற சொல் அவரைத் தேற்றவும் செய்யும். ஐந்து படிநிலை கொண்ட ஐரோப்பிய அபாய அளவுகோலில் நட்டநடுவில் இருக்கும் மூன்றாம் நிலை நாட்களில்தான் ஸ்விட்சர்லாந்தின் பனிச்சரிவு இறப்புகளில் ஏறத்தாழ பாதி நடக்கிறது. நான்கு, ஐந்து என்றால் ஆட்கள் வீட்டோடு இருந்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் ஆள் இல்லாமல் இல்லை. பனியும் பனிச்சரிவும் பற்றி ஆராய 1969லேயே மணாலியில் தனி நிறுவனம் தொடங்கிய நாடு இது. பின்னர் அது வேறொரு ஆய்வகத்தோடு இணைக்கப்பட்டு, பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கீழ் சண்டீகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. எல்லைப் படைகளுக்காக அரை நூற்றாண்டு சேர்த்த அறிவு அது. அஃபர்வத்தின் ஒரே ஒரு மலைக்கு, டிசம்பர் முதல் மார்ச் வரை, தினமும் காலை ஒரு பக்கம் எழுதித் தர அந்த அறிவில் ஒரு துளி போதும். உருது, இந்தி, ஆங்கிலம் மூன்றிலும் அதைக் கோண்டோலா சீட்டு தரும் இடத்தில் ஒட்ட வேண்டும். சீட்டு வாங்கியவரின் கைப்பேசிக்கும் அனுப்ப வேண்டும்.

கனடாவிடம் கற்க ஒரு பாடம் உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று ரோஜர்ஸ் பாஸ் அருகே கானாட் க்ரீக் பள்ளத்தாக்கில், பள்ளிக்கூடப் பயணமாக ஸ்கீயில் போன 17 பேர் குழுமீது பனி சரிந்தது. ஏழு மாணவர்கள் இறந்தார்கள். அவர்களிடம் பீக்கன் இருந்தது. இடைவெளி விட்டே போனார்கள். எதிர்ச்சரிவில் இருந்த இரு வழிகாட்டிகள் பார்த்து ஓடிவந்து தோண்டியதால்தான் இழப்பு அதோடு நின்றது. அந்த நாடு மலையை மூடிவிடவில்லை. மறு ஆண்டே தேசிய அளவில் பனிச்சரிவு மையம் அமைத்தது. மலைப்பூங்காக்களின் பாதைகளை எளியது, சவாலானது, சிக்கலானது என்று மூன்றாகத் தரம் பிரித்து வரைபடம் வெளியிட்டது. சிறுவர்களை அழைத்துப் போகும் குழுக்கள் எங்கே போகலாம், யாரோடு போகலாம் என்று விதி செய்தது. குல்மார்க்கின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இப்படி ஒரு தரம் கொடுப்பது ஒரு பருவத்து வேலை. அங்கே பிறந்து வளர்ந்த வழிகாட்டிகளுக்கு எந்தப் பள்ளம் எப்போது விழும் என்று தெரியும். அவர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

விபத்து நடந்தால் மூடிவிடு என்பது நிர்வாகத்தின் சுலபமான பதில். அது தவறு. குல்மார்க்குக்குக் கீழே தங்மார்க் பக்கத்துக் கிராமங்களில் பனிச்சறுக்குப் பயிற்சி தருபவர்கள், வழிகாட்டிகள், சறுக்குவண்டி இழுப்பவர்கள், கடைக்காரர்கள் என எத்தனையோ குடும்பங்கள் அந்த நாலு மாதத்தை நம்பி இருக்கின்றன. தவிரவும் மூடினால் ஆட்கள் போகாமல் இருப்பார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சிக்கிமில் நாதுலா சாலையில் 2023 ஏப்ரல் 4 அன்று பனிச்சரிவில் ஏழு சுற்றுலாப் பயணிகள் இறந்தபோது, அவர்கள் நின்ற இடம் அனுமதிச் சீட்டு வழங்கப்பட்ட எல்லைக்கு அப்பால் இருந்தது. எல்லைக்கோடு போட்டதோடு நிர்வாகம் தன் வேலை முடிந்ததாக நினைத்துவிட்டது. வயது வந்தவருக்குத் தன் உயிரைப் பணயம் வைத்து விளையாட உரிமை உண்டு என்று சொல்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு. அவர் கிளப்பும் சரிவு அவருக்குக் கீழே சறுக்கிக்கொண்டிருப்பவரையும் மூடும்; அவரைத் தேடப் போகும் ராணுவ வீரரும் கிராமத்து இளைஞரும் அதே சரிவில்தான் நிற்க வேண்டும்.

இத்தாலி 2022 முதல் பனிச்சரிவு அபாயமுள்ள இடங்களில் மலைச்சறுக்குப் போகிறவர்கள் பீக்கன், புரோப், ஷவல் மூன்றையும் வைத்திருப்பதைச் சட்டமாக்கியது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பிரிட்ஜர் போல் என்ற தளத்தில் ஒரு குறிப்பிட்ட லிஃப்ட்டில் ஏறவே பீக்கன் இருக்க வேண்டும். குல்மார்க்கில் இதைச் செய்வது இன்னும் எளிது, ஏனென்றால் முகட்டுக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் கோண்டோலாவில்தான் போகிறார்கள். கோண்டோலா அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கொங்டூரியில் இரண்டாம் கட்டத்துக்கு ஏறும் வாசலில் ஒரு சோதனைக் கருவியும் ஓர் ஆளும் வைத்தால் போதும்: ஸ்கீயோடு வருபவரிடம் துடிக்கும் பீக்கன் இருந்தால் பச்சை விளக்கு, இல்லையென்றால் பக்கத்துக் கவுன்டரில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அங்கேயே அரை மணி நேரம் தேடிப் பழகிவிட்டு வரட்டும். ஒரு பீக்கன் 25,000 ரூபாய்க்கு மேல் விற்கிறது. உள்ளூர் வழிகாட்டியால் நாலைந்து வாங்கிவைக்க முடியாது. சீட்டு வருமானத்திலிருந்து நிறுவனம் வாங்கிக் கொடுக்கலாம். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்கு, மலையேற்ற நிறுவனம் குல்மார்க்கிலேயே இருக்கிறது. சறுக்கக் கற்றுத்தரும் அந்த நிறுவனம், பனியைப் படிக்கவும் தோழரைத் தோண்டி எடுக்கவும் மூன்று நாள் வகுப்பை உள்ளூர் வழிகாட்டிகளுக்கு இலவசமாக ஒவ்வொரு டிசம்பரிலும் நடத்த வேண்டும். பயணிகளுக்குக் கட்டணத்தோடு நடத்தட்டும். அந்த வகுப்பை முடித்த வழிகாட்டிக்கு மட்டும் எல்லைக்கு அப்பால் ஆள் அழைத்துச் செல்ல உரிமம் தருவதாக அறிவித்தால், இரண்டு பருவத்துக்குள் தங்மார்க்கில் வகுப்பு முடிக்காத வழிகாட்டி ஒருவரைக்கூடப் பார்க்க முடியாது.